பரண் இல்லாத ஊரில்

பீளமேட்டில் இருப்பவர்களுக்குச் சிறுத்தை என்றால் மருதமலைப் பக்கத்துச் செய்தி. மில்லும் கல்லூரியும் விமான நிலையமுமாக இருக்கும் இந்தப் பக்கத்துக்கு அது வராது என்பது ஒரு நம்பிக்கை. 2022 ஜனவரியில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நம் வாசலில் ஓடும் அவிநாசி சாலை போய்ச் சேரும் ஊரையொட்டி, பாப்பாங்குளத்தில், ஜனவரி 24 அன்று மக்காச்சோளக் காட்டுக்குள் ஒரு சிறுத்தை படுத்திருந்தது. காட்டு வேலைக்குப் போனவர்களைத் தாக்கியது. தேடி வந்தவர்களிலும் காயம்பட்டவர் உண்டு. பிறகு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டது. 27ஆம் தேதி அங்கே மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள்.

அதற்குச் சில நாள் முன்னால் கோவையின் மறுகோடியில், குனியமுத்தூரை அடுத்த பி.கே.புதூரில், பழைய குடோன் ஒன்றுக்குள் இன்னொரு சிறுத்தை புகுந்திருந்தது. அங்கே ஊசித் துப்பாக்கி வெடிக்கவே இல்லை. வாசலில் கூண்டு வைத்து, இறைச்சியும் தண்ணீரும் வைத்து, ஐந்து நாள் காத்திருந்தார்கள். 22ஆம் தேதி அது தானாகவே கூண்டுக்குள் வந்தது.

அடுத்தடுத்த மாவட்டங்களில், ஒரே வாரத்தில், ஒன்று சுட்டுப் பிடித்தது, மற்றொன்று சுடாமல் பிடித்தது. நல்ல குறி என்பது எது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்தே என் நினைவுக்கு வருகின்றன.

பரண் கட்டிச் சிறுத்தைக்குக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதில் தேர்ந்தவர்கள் கற்ற பாடம் துப்பாக்கியைப் பற்றியதைவிட உடம்பைப் பற்றியது. சிறுத்தை இரையை நோக்கி நேராக வருவதில்லை. தள்ளிப் படுத்துப் பார்க்கும். பரணில் ஒரு கட்டை முனகினால் போதும், அன்றைய இரவு முடிந்தது. வந்து நின்ற பிறகும் உடனே சுடக் கூடாது. இதயமும் நுரையீரலும் முன்னங்கால் தோளுக்குப் பின்னே சிறிய இடத்தில் இருக்கின்றன. கால் மறைத்தால் காத்திருக்க வேண்டும். நேராக முகம் காட்டி நின்றால் காத்திருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போது மூச்சை மெதுவாக விட்டு, அந்த மூச்சு அடங்கும் இடத்தில் விரலை அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குழல் அசையும். சொல்வதற்கு எளிது. காகித இலக்கில் பிசகாத கை, உயிருள்ள கண்கள் தன்னை நோக்கித் திரும்பும்போது நடுங்குகிறது. வெகுநேரக் காத்திருப்பு மனிதனுக்குள் ஒரு கணக்கை எழுப்பிவிடுகிறது: இவ்வளவு நேரம் உட்கார்ந்தேனே, சும்மா விடுவதா? கை அவசரப்படுவது பெரும்பாலும் அந்தக் கணக்கினால்தான்.

பிசகிய குறியின் விலை என்ன என்பதற்கு ருத்ரபிரயாகைச் சிறுத்தையைத் தவிர வேறு சாட்சி வேண்டாம். இமயமலைப் பகுதியில் 1918 முதல் ஆட்களைத் தின்றுகொண்டிருந்த சிறுத்தை அது. 1921இல் இரண்டு இளம் ஆங்கிலேய அதிகாரிகள், அது வரக்கூடிய தொங்குபாலத்தின் இரு முனைக் கோபுரங்களிலும் ஏறி இரவுகளைக் கழித்தார்கள். ஒரு நாள் அது பாலத்தின்மேல் வந்தேவிட்டது. சுட்டார்கள். பின்னங்கால் பாதத்தில் மட்டும் பட்டது, சிறுத்தை தப்பியது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் அது உயிரோடு இருந்தது. அரசுக் கணக்கில் அதற்கு இரையானவர்கள் மொத்தம் 125 பேர். 1926 மே மாதத் தொடக்கத்தில், குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின்மேல் காத்திருந்த வேட்டைக்காரர் ஜிம் கார்பெட், கீழே கட்டிய ஆட்டின் கழுத்து மணி ஒலித்ததும் ஒரே ஒரு தோட்டா சுட்டார். அத்துடன் முடிந்தது. பாலத்தில் இருந்தவர்களுக்குத் துணிவு குறைவு என்று சொல்ல முடியாது. அவர்களுடைய குண்டு போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு. அந்த ஐந்தாண்டில் இறந்த ஒவ்வொருவரும் அந்தப் பாலத்து இரவுக்கும் சேர்த்து உயிரைக் கொடுத்தவர்கள்.

கொங்கு நாட்டில் புலிகுத்திக் கற்கள் ஆங்காங்கே நிற்கின்றன. பட்டி மாடுகளைக் காக்கப் புலியை எதிர்த்து நின்றவனுக்கு ஊர் நட்ட கல். இன்றும் பூவும் பொட்டும் பெறும் கற்கள் உண்டு. குத்திய கைக்கு அந்த மரியாதை தகும். குத்தாமல், சுடாமல், நேரம் பார்த்து நிறுத்திக்கொண்ட கைக்கு யாரும் கல் நட்டதில்லை. அதனால்தான் அதை வீரம் என்று நமக்குக் கண்டுகொள்ளத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பரண் வேட்டைக்கு இடமில்லை. மனித உயிருக்கு ஆபத்தான சிறுத்தையைக்கூட, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வனஉயிர்க் காப்பாளர் முடிவுக்கு வந்த பிறகே கொல்ல உத்தரவிட முடியும். ஆக, பழைய வேட்டைக்காரனின் இடத்தில் இன்று கால்நடை மருத்துவர் நிற்கிறார். அவர் வேலை இன்னும் கடினம். விலங்கின் எடையைக் கண்ணாலேயே மதிப்பிட்டு மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஊசி தொடை, தோள் போன்ற தடித்த தசையில் இறங்க வேண்டும்; வயிற்றிலோ நெஞ்சிலோ பட்டால் காப்பாற்ற வந்த ஊசியே கொன்றுவிடும். பட்ட பிறகும் மருந்து ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் சிறுத்தை எங்கே ஓடும், கிணற்றிலா, வீட்டுக்குள்ளா என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். விலங்கு மிரண்டு வெறிகொண்டிருந்தால் அதே மருந்து சரியாக வேலை செய்யாது. ஆகவே அதன் அமைதியும் அவருக்கு வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. குறி பார்ப்பவனின் அமைதி அவனுடைய மனத்திலிருந்து மட்டும் வருவதாக நாம் எண்ணுகிறோம். பரணில் இருந்தவனுக்குக் காடு அமைதியைக் கொடுத்தது. இலை மறைத்தது, இருட்டு மறைத்தது, சுற்றிலும் ஆள் இல்லை. தெருவில் ஊசித் துப்பாக்கியோடு நிற்பவருக்கு அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். மாடியில் கைபேசியோடு நிற்கும் கூட்டம், ஒரு கூச்சல், எறிந்த ஒரு கல், விரட்டிப் பார்க்கும் ஒரு இளைஞன்: இவற்றில் ஒன்று போதும், குறி பிசக. நம் பரபரப்பு அவர் விரலில் போய் இறங்குகிறது. பி.கே.புதூரில் ஐந்து நாள் காத்திருக்க முடிந்தது என்றால், அந்தக் குடோனைச் சுற்றி அதற்கான இடம் இருந்ததும் ஒரு காரணம். வனத்துறையின் திறமையைப் பேசும் நாம் ஊரின் பங்கையும் பேச வேண்டும். சுத்தமான ஒரு குறியை ஒருவர் தனியாக எய்துவதில்லை. விலகி நிற்கும் பலர் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்குகிறார்கள்.

பாப்பாங்குளம் நமக்குத் தூரமில்லை. அடுத்த சிறுத்தை எந்தத் தெருவில் வந்து நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். குழந்தைகளையும் நாயையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துங்கள். படம் எடுக்கப் போகாதீர்கள், அக்கம்பக்கத்தாரையும் போக விடாதீர்கள். அது பிடிபடும்வரை வெளியே வராதீர்கள்.