சிபியின் துலாக்கோலும் ஆட்டுக் கொட்டிலும்: வனவிலங்கால் நேரும் கால்நடை இழப்புக்கு அரசு வழங்கும் ஈடு – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையாக அமைவது அகத்தியர் மலைத்தொடர். தமிழ் இலக்கண மரபு தன் முதலாசிரியராகப் போற்றும் முனிவரின் பெயரைத் தாங்கி நிற்கும் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரமுடையது. அதன் மேற்குப் பகுதியில் நெய்யாறு (1958), பேப்பாறை (1983) என்னும் வனவிலங்குச் சரணாலயங்களும், கிழக்கே தமிழகத்தின் களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் உள்ளன. மலையடிவாரத்து ஊர்களில் ரப்பரும் மரவள்ளியும் பயிராகின்றன. வீட்டுக் கொல்லைகளில் பசுவும் ஆடும் கோழியும் வளர்கின்றன. காட்டுக்கும் கொல்லைக்கும் இடையே மதில் இல்லை. ஆகவே, ஊனுண்ணும் விலங்கு கொட்டிலில் புகுவது இங்கு வியப்பன்று.

அவ்வாறு இழந்த உயிருக்கு அரசு பணம் வழங்குகிறது. அப்பணம் அரசின் கருணையா, கடனா? இவ்வினாவைத் தமிழ் அறமரபின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

கேரள அரசு 1980ஆம் ஆண்டிலேயே வனவிலங்குத் தாக்குதலுக்கு உள்ளானோருக்கு இழப்பீடு வழங்குவதற்கென விதிகளை வகுத்தது. மனிதர் உயிரிழப்புக்கு மட்டுமன்றிக் கால்நடை, பயிர், வீடு ஆகியவற்றின் இழப்புக்கும் அரசு பொருளுதவி செய்துவருகிறது. ஆயினும் அத்தொகையைச் சுட்டும் சொற்கள் ஒரு நிலையில் நில்லாதவை. தமிழில் நட்ட ஈடு, இழப்பீடு, நிவாரணம், கருணைத்தொகை என நான்கு சொற்கள் வழங்குகின்றன. மலையாளத்தார் ‘நஷ்டபரிகாரம்’ என்பர்.

இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ‘ஈடு’ என்பது இழந்ததற்குச் சமமாக நிற்பது. பெறுபவனுக்கு உரிமையையும் தருபவனுக்குக் கடப்பாட்டையும் உணர்த்துவது. ‘நிவாரணம்’ துயர் துடைப்பதை மட்டும் குறிக்கும். துயருக்குக் காரணம் யார் என்று அது கேட்பதில்லை. ‘கருணைத்தொகை’ தருபவனின் உள்ளத்தைப் பேசும். அவன் மறுத்தாலும் குற்றமில்லை என்னும் குறிப்பு அதனுள் அடங்கியுள்ளது. ‘பரிகாரம்’ என்பதற்கோ தமிழ் வழக்கில் செய்த பிழைக்குக் கழுவாய் என்னும் பொருளும் உண்டு. எச்சொல்லைத் தேர்கிறோம் என்பது எவ்வறத்தை ஏற்கிறோம் என்பதைக் காட்டிவிடுகிறது.

இரு சோழர் கதைகள்

சிலப்பதிகாரத்தில் நீதி கேட்டு அரசவை புகும் கண்ணகி, தன் ஊரின் பெருமையாக இரு மன்னர் கதைகளை அடுத்தடுத்து நினைவூட்டுகிறாள். ஒன்று, புறாவின் துயர் தீர்த்த சோழன் கதை. மற்றொன்று, கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதை. அரசினால் இழப்புற்ற ஒருத்தி அரசனிடம் முறையிடும்போது இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுவது ஈண்டு நோக்கத்தக்கது.

இரண்டாம் கதையை விரித்துரைக்கும் பெரியபுராணம், காவலன் தன் குடிகளுக்குத் தீர்க்க வேண்டிய அச்சங்களை ஐந்தாக வகுக்கிறது. அரசனாலும், அவன் பரிவாரத்தாலும், பகைவராலும், கள்வராலும் வருவன நான்கு. ஐந்தாவது, பிற உயிர்களால் வரும் அச்சம். விலங்கால் நேரும் கேட்டைச் சேக்கிழார் விதியின்பாற் சார்த்தவில்லை. கள்வரால் நேரும் கேட்டோடு ஒருசேர வைத்து அரசனின் பொறுப்பாக்கினார். இந்நோக்கில், புலி கொன்ற பசுவுக்கு ஈடு கேட்பவன் இரப்பவன் அல்லன், முறை கேட்பவன்.

முதற்கதையான சிபியின் கதை இதனினும் ஆழமானது. அதில் பருந்தின் பசி பொய்யென்று தள்ளப்படவில்லை. புறாவுக்கு வாழும் உரிமை உண்டு. பருந்துக்கு உண்ணும் உரிமை உண்டு. இரண்டையும் ஏற்ற மன்னன், அடைக்கலம் தந்தவன் தானே என்பதால் அதற்கான விலையும் தன்னுடையதே எனத் தன் தசையை அரிந்து துலாக்கோலில் வைத்தான். அயலான் வீட்டு ஆட்டை அறுத்துப் பருந்துக்கு இட்டிருந்தாலும் புறா பிழைத்திருக்கும். ஆனால் அச்செயலை அறமென்று எவரும் பாடியிருக்கமாட்டார். அடைக்கலம் தருபவனே அதன் விலையையும் தரவேண்டும் என்பதே இக்கதை உணர்த்தும் நெறியாகும்.

சட்டம் தந்த அடைக்கலம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்வழி இந்திய அரசு இத்தகைய அடைக்கலத்தைப் புலிக்கும் சிறுத்தைக்கும் கரடிக்கும் அளித்துள்ளது. அது போற்றத்தக்கது. ஆயின், அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒருவர் தம்மையோ பிறரையோ காக்கும்பொருட்டு நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. கால்நடையைக் காக்கக் கொல்வதற்கு அவ்விலக்கு இல்லை. கொட்டிலில் புகுந்த சிறுத்தையை வேலெடுத்து எதிர்த்தவனுக்குப் பழந்தமிழர் நடுகல் எடுத்தனர். புலிகுத்திக் கற்கள் இன்றும் கொங்கு நாட்டில் காணப்படுகின்றன. அன்று வீரமாயிருந்தது இன்று குற்றம். இம்மாற்றம் காலத்தின் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒருவனின் கையைக் கட்டிய அரசு அவன் கொட்டிலுக்குக் காவலாகும் கடனையும் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளவேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். விலங்கின் செயல் இயற்கையின் செயல். வெள்ளத்துக்கு அரசு பொறுப்பாகாததுபோல் இதற்கும் ஆகாது என்பர். கேரள அரசு 2024 மார்ச்சில் மனித – வனவிலங்கு மோதலை மாநிலத்தின் சிறப்புப் பேரிடராக அறிவித்ததும் இவ்வொப்புமைக்கு இடந்தருகிறது. விரைந்து செயற்படவும் பேரிடர் மேலாண்மை அமைப்புகள் களமிறங்கவும் அவ்வறிவிப்பு உதவும் எனலாம். எனினும் வெள்ளத்துக்கு அணை கட்டுவதை எச்சட்டமும் குற்றமாக்கவில்லை; வெள்ளத்தைக் காக்க எவரும் சரணாலயம் அமைக்கவில்லை. அரசே பேணும் ஒன்றால் வரும் இழப்பைப் பேரிடர் என்று மட்டும் அழைப்பது, கடனை மீண்டும் கருணையாக்கும் அபாயமுடையது.

அளவிடற்கரியவை

எதை, எவ்வளவு ஈடு செய்வது என்பது அடுத்த சிக்கல். 2022–2026 காலத்துக்கான தேசியப் பேரிடர் உதவி நெறிமுறை, கறவைப் பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய் என வரையறுத்தது. இதனைக் காணும்போது ஒன்று புலனாகும். பசு இங்கே இறைச்சியாகவோ பாலாகவோ எண்ணப்படுகிறது. ஆனால் சிற்றூர்க் குடும்பத்துக்குக் கறவைப்பசு என்பது நாள்தோறும் பால் சங்கத்திலிருந்து வரும் வருவாய். அடுத்த ஈற்றின் நம்பிக்கை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் உயிர். முதலிரண்டைக் கணக்கிட இயலும். மூன்றாவதைக் கணக்கிட இயலாது.

அப்பட்டியலில் நாய்க்கு இடமே இல்லை. சிறுத்தை முதலில் கவர்வது பெரும்பாலும் வாயிற்புறத்து நாயையே. சந்தை விலை அற்றது இழப்பும் அற்றது என்னும் கருத்து இதில் மறைந்துள்ளது. தமிழ் மரபு அவ்வாறு கருதியதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள பல்லவர் கால நடுகல், மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயையும் பெயர் குறித்துச் செதுக்கியுள்ளது. அதற்கு விலை கூறப்படவில்லை, நினைவு நிறுவப்பட்டது. ஈடு செய்ய இயலாதவிடத்து ஒப்புக்கொள்ளலேனும் வேண்டும் என்பதை அக்கல் உணர்த்துகிறது. வளர்ப்பு நாயின் இழப்பையும் பதிவு செய்து சிறுதொகையேனும் அளிப்பது அத்தகைய ஒப்புக்கொள்ளலாகும்.

காலத்தாழ்வும் இவ்வறத்தைச் சிதைப்பதே. வனத்துறையினரின் நேராய்வு, கால்நடை மருத்துவரின் சான்று, விண்ணப்பம் என்னும் படிநிலைகள் பொய்க் கோரிக்கைகளைத் தவிர்க்கத் தேவையானவைதாம். ஆனால் எழுத்தறிவும் போக்குவரத்தும் குறைந்த காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் அவையே தடையாகிவிடக்கூடும். கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரகொளே காப்பகங்களை ஒட்டிய ஊர்களில், கட்டணமில்லாத் தொலைபேசி அழைப்பின்பேரில் களப்பணியாளர் நேரில் சென்று விண்ணப்பம் அளிக்க உதவும் திட்டம் 2015 முதல் நடைபெறுகிறது. சுவீடன் நாடு 1996 முதல் வேறொரு வழியை மேற்கொண்டது. அங்குக் கலைமான் வளர்க்கும் சாமி மக்களுக்கு, இறந்த கலைமான்களின் எண்ணிக்கையைக் கொண்டன்றி, அவர்தம் மேய்ச்சல் நிலத்தில் குட்டியீன்ற ஊனுண்ணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு தொகை வழங்கப்படுகிறது. வளர்ப்போர் இழப்பைச் சுமப்பவராக மட்டுமன்றி, அடைக்கலம் தருவதில் அரசின் பங்காளியாகவும் மதிக்கப்படுகின்றனர்.

ஈடு கிடைக்குமாயின் வளர்ப்போர் காவலைக் கைவிடுவர் என்பாரும் உளர். இரவில் கொட்டிலை அடைப்பது வளர்ப்போர் கடன் என்பது உண்மையே. எனினும் உறுதியான கொட்டிலுக்கும் பொருள் வேண்டும். அதற்கு உதவாமல், அது இல்லாமையைக் காட்டி ஈட்டை மறுப்பது முறையன்று.

விலங்கின் பக்கம்

2020இல் வயநாட்டில் கால்நடைகளைக் கொன்றதால் பிடிக்கப்பட்ட புலியொன்று நெய்யாற்றுக்குக் கொணரப்பட்டது. அங்குக் கூண்டிலிருந்து தப்பி மீண்டும் மயக்க ஊசியால் பிடிபட்டது. 2023 ஏப்ரலில் வெள்ளநாட்டில் கோழிகளை நாடிவந்த கரடி ஒரு வீட்டுக் கிணற்றில் வீழ்ந்தது. மீட்பு முயற்சியில் மயக்க ஊசி செலுத்தப்பட்டபின் நீரில் மூழ்கி இறந்தது. கோழிக்கு விலை உண்டு. கரடிக்கு ஈடு கேட்க எவருமில்லை. பசித்த விலங்கு குற்றவாளி அன்று. குடிகளுக்கு உரிய ஈடு உரிய காலத்தில் சேராதபோது பொறியும் நஞ்சும் அவ்விடத்தை நிரப்பும். அப்போது அரசின் கடனை விலங்கு தன் உயிரால் செலுத்த நேரும். ஆகவே ஈடு என்பது ஆட்டுக்குரியவனுக்கு மட்டுமன்றிப் புலிக்கும் செய்யும் அறமாகிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். வனவிலங்கால் நேரும் கால்நடை இழப்புக்கு அரசு வழங்குவது கருணை அன்று. அடைக்கலம் தந்தவனும் தற்காப்பைத் தடுத்தவனும் செலுத்த வேண்டிய கடன். விலை மதிப்பற்றது என்பதால் இழப்பு இல்லாததாகிவிடாது. காலந்தாழ்த்திய ஈடு அவ்விலங்கின் உயிருக்கே கேடாகும். புலி வாழ வேண்டும் என விரும்புவோர் பெரும்பாலும் நகரத்தார். அதன் விலையைத் தருவோர் மலையடிவாரத்தார். சிபி தன் தசையைத் துலாக்கோலில் வைத்தான். இன்று அத்தட்டில் வைக்கப்படுவது மலையடிவாரத்துக் கொட்டிலின் ஆடு. அதன் விலையைப் பொதுப்பொருளிலிருந்து, காலந்தாழ்த்தாமல், உரிமையென மதித்து அளிக்கும்போதே புலிக்குத் தந்த அடைக்கலம் அறமாக நிலைபெறும்.