படச்சுருளும் மணச்சடங்கும்

திருமணத்தைப் படச்சுருளில் பதிவது மறைந்துபோய்த் திரும்பி வந்த ஒரு வழக்கம். 1923-ல் 16 மி.மீ. சுருளையும் 1965-ல் சூப்பர் 8 என்னும் சிறிய சுருளையும் கோடாக் நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டுக்கென வெளியிட்டது. வசதியுள்ள குடும்பங்கள் குழந்தையின் முதல் நடையையும் கல்யாணத்தையும் அவற்றில் பதிந்தன. பின்னர் வீடியோ கேசட் வந்தது. அதையும் தள்ளிவிட்டு டிஜிட்டல் கேமரா வந்தது. இப்போது மணமக்கள் சிலர், கணக்கில்லாமல் குவியும் டிஜிட்டல் காட்சிகளுக்கு நடுவே மூன்று நிமிடச் சுருள் ஒன்றும் வேண்டும் என்று கேட்கிறார்கள். 2023-ல் கோடாக் புதிய சூப்பர் 8 கேமராவையே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதில் அழகியலைத் தாண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருமுறை நிகழ்ந்து முடியும் சடங்கைத் திரும்பத் திரும்பக் காட்டவல்ல பொருள் ஒன்று உண்டானால், அந்தப் பொருளுக்கும் சடங்குக்கும் உள்ள உறவு என்ன? படம் திருமணத்துக்குச் சாட்சியா, நினைவா, அல்லது திருமணமே மறுபடி நிகழ்வதா? செங்கல்பட்டு மாவட்டத்தின் தலங்களும் தமிழ்ப் புராணங்களும் கேமரா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன.

சுருளின் இயல்பு

ஒரு சூப்பர் 8 சுருளின் நீளம் 50 அடி. அதில் 3,600 சட்டகங்கள் அடங்கும். நொடிக்கு 18 சட்டகம் ஓடினால் 3 நிமிடம் 20 நொடி. 24 சட்டகம் ஓடினால் இரண்டரை நிமிடம். ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புத் துகள்கள் மீது வெளிச்சம் பட்டதும், கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்று அவற்றில் நிகழ்கிறது. வேதிக்கரைசலில் கழுவும்வரை அந்த உருவம் மறைந்தே இருக்கும். வண்ணச்சுருளில் கடைசியில் வெள்ளியும் நீக்கப்பட்டு, சாயம் மட்டும் எஞ்சும். இன்று கிடைக்கும் சூப்பர் 8 சுருளில் ஒலிக்கு இடமில்லை.

மணமக்கள் மீது பட்டுத் திரும்பிய அதே வெளிச்சம் சுருளைத் தொட்டு மாற்றியிருக்கிறது என்பதே இதன் தனிமதிப்பு. ஓவியன் வரைந்தது அவன் கையின் வழியாக வருகிறது. சுருளில் உள்ளதோ நிகழ்ச்சியின் நேரடித் தடம். படச்சுருளை விரும்புவோர் அதற்கு ஏறக்குறைய ஒரு புனிதத்தன்மை தருவதற்கு இந்தத் தொடர்பே காரணம். ஆனால் தடம் இருப்பதாலேயே அது சாட்சி ஆகிவிடுமா என்பது வேறு கேள்வி.

சாட்சி என்பது யார்?

வைதிகத் திருமணத்தில் அக்னி சாட்சி. அக்னி அங்கே நடப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவியை ஏற்கும் தெய்வமாகச் சடங்கில் பங்கெடுக்கிறது. 1967-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7-ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது. அங்கே அக்னி இல்லை, புரோகிதர் இல்லை. ஆனால் உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிருக்க வேண்டும். பெரும்பாலான இஸ்லாமியரின் நிக்காஹ்வுக்குச் சாட்சிகள் தேவை. கத்தோலிக்கத் திருமணத்தில் குருவோடு இரண்டு சாட்சிகள் நிற்கிறார்கள். கொள்கையால் இவ்வளவு விலகி நிற்கும் முறைகள் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றன: சாட்சி என்பது கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவர்.

திருவிளையாடற் புராணத்தின் கடைசிப் படலம் இதைக் கதையாகச் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகனின் மகளை மதுரை வணிகன் அழைத்துச் செல்கிறான். வழியில் திருப்புறம்பயத்தில் பாம்பு கடித்து இறக்கிறான். சம்பந்தர் அருளால் உயிர் பெற்று, அங்கேயே வன்னி மரமும் கிணறும் சிவலிங்கமும் சாட்சியாக அவளை மணக்கிறான். மதுரையில் மூத்த மனைவி அந்தத் திருமணத்தை மறுத்துப் பழி பேசியபோது, மூன்று சாட்சிகளும் மதுரைக் கோயிலுக்கே வந்து தோன்றின. வாயில்லாத மூன்று பொருள்கள் இங்கே சாட்சியாகின்றன. மணம் நடந்த இடத்தில் அவை இருந்தன என்பது மட்டும் போதவில்லை. அந்தப் பெண் அழுதபோது அவை வந்தன என்பதே அவற்றைச் சாட்சியாக்கியது.

படச்சுருள் இந்த வகையில் சேராது. சைவ சித்தாந்தத்தில் கண் என்பது கருவி, காண்பது உயிர், உயிருக்குக் காட்டுவது இறைவன். மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தில் நிறுவிய இந்த வரிசையில் கேமரா கண்ணுக்கும் கீழே, கருவிக்குக் கருவியாக வருகிறது. உருவத்தை வாங்கும், அறியாது. எனவே அது சாட்சி சொல்வதில்லை. சாட்சி சொல்பவருக்கு உதவும் சான்றாகவே நிற்கிறது.

சான்றின் எல்லையைக் காட்டும் திருமணக்கதை பெரியபுராணத்தில் உண்டு. புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் முதியவர் ஒருவர் ஓலையோடு நுழைந்து, மணமகன் தமக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்று முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதைக் காட்டுகிறார். மூலத்துக்கும் படிக்கும் உள்ள வேறுபாட்டை, படச்சுருளின் நெகட்டிவுக்கும் பிரதிக்கும் உள்ளதைப் போலவே, இக்கதை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் மூல ஓலையும் தானாக வழக்கை முடிக்கவில்லை. பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு அவையோர் ஏற்ற பிறகே அது செல்லுபடியானது. பதிவு பேசுவதற்கு ஓர் அவை வேண்டும்.

சட்டமும் இந்த வேறுபாட்டை வைத்திருக்கிறது. உரிய சடங்கு நடக்காமல் பெறப்பட்ட பதிவுச் சான்றிதழ் இந்துத் திருமணத்தை உண்டாக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்தது. பதிவு, நடந்ததற்குச் சான்றாகலாம். நடக்காததை நடத்திவைக்க அதனால் முடியாது.

வர முடியாதவர்க்குக் காட்சி

திருமணப் படத்தின் பக்கம் நிற்கும் புராணமும் ஒன்று உண்டு. கயிலையில் சிவபார்வதி திருமணத்தைக் காண எல்லோரும் கூடியதால் வடதிசை தாழ்ந்தது. நிலத்தைச் சமன் செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார். அவர் ஒருவர்தான் அந்தக் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போனவர். அவர் நின்ற இடத்திலேயே அந்தக் கோலத்தைக் காட்டுவதாக இறைவன் வாக்களித்தார். வேதாரண்யம், பாபநாசம் போன்ற தலங்களில் அகத்தியருக்கு அருளிய திருமணக்கோலம் இன்றும் வழிபடப்படுகிறது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன், படுக்கையில் கிடக்கும் பாட்டி, இன்னும் பிறக்காத பேரக்குழந்தை ஆகியோருக்காகவே பெரும்பாலான திருமணப் படங்கள் எடுக்கப்படுகின்றன. வராதவர் மணக்கோலத்தைக் காண விரும்புவது நியாயமானது என்பதற்கு அகத்தியர் கதை போதும். ஆனால் அகத்தியர் பெற்றது பழைய காட்சியின் பதிவை அன்று. இறைவனே மணக்கோலத்தில் மறுபடி எழுந்தருளினார். பாட்டி பார்ப்பது, என்றோ நின்றவர்களின் தடத்தை. இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவது மணக்கோலம்தான். முன்னால் நிற்பவர் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

நித்திய கல்யாணம்

இந்த வேறுபாட்டை நாள்தோறும் காட்டும் இடம் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவிடந்தை. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள இத்தலம் 108 திவ்யதேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. காலவ முனிவரின் 360 பெண்களைத் திருமால் நாளுக்கு ஒருவராக மணந்தார் என்பதும், பின் அவர்களை ஒருத்தியாக்கி அகிலவல்லி என்னும் பெயரோடு இடப்பக்கம் ஏற்றார் என்பதும் தலபுராணம். மூலவர் ஆதிவராகர்; உற்சவர் நித்திய கல்யாணப் பெருமாள். ஆண்டு முழுவதும் இங்கே திருக்கல்யாணம் நடக்கிறது.

நேற்று நடந்ததே இன்றும் நடக்கிறது என்றால் இது பதிவை மறுபடி ஓட்டுவது போலத்தானே என்று கேட்கலாம். விடை சங்கல்பத்தில் இருக்கிறது. சடங்கின் தொடக்கத்தில் ஆண்டின் பெயர், அயனம், மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் அன்றைய நாளுக்கு உரியவையாகச் சொல்லப்படுகின்றன. ஆக, ஒவ்வொரு திருக்கல்யாணமும் தனக்கெனக் காலம் உடைய புதிய செயல். படம் எத்தனை முறை ஓடினாலும் அதற்கு நாள் ஒன்றே; எடுத்த நாள். சடங்கு மீண்டும் நிகழ்கிறது. படம் மீண்டும் தெரிகிறது. மனிதர் திருமணத்திலும் இதற்கு ஒப்பானது உண்டு. அறுபதாம் கல்யாணத்தன்று பழைய படத்தைப் போட்டுப் பார்க்கும் குடும்பம், அத்தோடு நிற்பதில்லை. புதிய சங்கல்பம் செய்து, மறுபடி மாங்கல்யதாரணம் நடத்துகிறது.

திருவிடந்தையில் வழங்கும் மாலை வழக்கமும் இங்கே கருதத்தக்கது. திருமணம் கைகூட வேண்டுவோர் பெருமாளுக்குச் சாத்திய மாலையை வாங்கி அணிந்து கோயிலை வலம் வருகிறார்கள். வாடினாலும் அதை வீட்டில் பாதுகாக்கிறார்கள். மணமான பின் தம்பதியாக அந்தப் பழைய மாலையோடு திரும்பி வருகிறார்கள். புனித நிகழ்வைத் தொட்ட பொருளைக் காத்துவைப்பது மரபுக்கு அந்நியமில்லை என்பதை இது காட்டுகிறது. காக்கப்படும் மாலை வாடலாம், அதனால் குறையில்லை. அதன் வேலை ஒரு செயலை இன்னொரு செயலோடு இணைப்பது.

படத்தில் அகப்படாதவை

வைதிகத் திருமணத்தின் உயிர் மந்திரம், அது ஒலி. தாலி ஏறும் நொடியில் நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளமாக உயர்வது, வேறு எந்த ஒலியும் காதில் விழாதிருக்க. ஊமைச்சுருளில் இரண்டுமே இல்லை. மணமகன் வாய் அசைகிறது, உறுதிமொழி கேட்பதில்லை. சடங்கு எதை முதன்மையாகக் கருதுகிறதோ அதை விட்டு, கண்ணுக்குரியதை மட்டும் சுருள் எடுத்துக்கொள்கிறது.

அருந்ததி பார்த்தல் இன்னும் நுட்பமானது. பகல் முகூர்த்தத்தில் அருந்ததி நட்சத்திரம் தெரியாது. புரோகிதர் வானத்தைச் சுட்டுகிறார்; மணமக்கள் நோக்குகிறார்கள்; சடங்கு நிறைவேறிவிடுகிறது. எவ்வளவு நல்ல லென்ஸும் அங்கே பதியக்கூடியது நிமிர்ந்த இரு முகங்களை மட்டுமே. தெரியாததை நோக்கும் நம்பிக்கைதான் அந்தச் சடங்கின் பொருள் என்பதால், படத்தின் குறை சடங்கின் குறையாவதில்லை.

வரிசையும் இடையூறும்

சடங்கில் ஒழுங்குமுறை பொருளுடையது. அதே மாவட்டத்தின் அச்சரப்பாக்கம் ஆட்சீசுவரர் கோயிலின் தலபுராணம் இதற்கு எடுத்துக்காட்டு. திரிபுரங்களை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் முதலில் விநாயகரை வழிபடாததால் தேரின் அச்சு முறிந்தது. வழிபட்ட பின்பே தேர் நகர்ந்தது. சம்பந்தர் பாடிய இத்தலத்தில் அச்சுமுறி விநாயகர் வழிபடப்படுகிறார். தேவர்கள் உறுப்பாகி நின்ற தேருக்கே முதலில் செய்ய வேண்டியது முதலில் செய்யப்பட வேண்டியிருந்தது என்பது கதையின் கருத்து. விநாயகர் வழிபாட்டில் தொடங்கி ஏழடியில் முடியும் திருமணமும் அவ்வாறே. இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஏழடி வழக்கமுள்ள மணங்களில் ஏழாம் அடி வைத்ததும்தான் திருமணம் முழுமையாகிறது என்கிறது.

வெட்டி ஒட்டிய படத்தில் மாலை மாற்றலுக்குப் பின் மாப்பிள்ளை அழைப்பு வரலாம். வெட்டாத சுருளிலோ சட்டகங்கள் நிகழ்ந்த வரிசையிலேயே கிடக்கின்றன. சடங்கின் கண்ணோட்டத்தில் சுருளுக்கு உள்ள மேன்மைகளில் இது ஒன்று. எடுத்ததை உடனே பார்க்க வழியில்லாததால், “சரியாக விழவில்லை, தாலியை இன்னொரு தடவை பிடியுங்கள்” என்று கேட்கும் சபலமும் குறைகிறது. முகூர்த்தம் கடந்தபின் கேமராவுக்காக மறுபடி செய்வது, சங்கல்பம் இல்லாத செயல். ஆகவே அது நடிப்பு. பதிவுக்காகச் சடங்கு நிற்கும்போது, சான்று தான் சான்றளிக்க வேண்டிய பொருளையே மாற்றிவிடுகிறது.

தூய்மை பற்றிய ஐயம் ஒன்றும் உண்டு. படச்சுருளின் ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. அதை மணவறை அருகே கொண்டுசெல்லலாமா? தவிலும் மிருதங்கமும் தோல்கருவிகளே. தவில் மங்கல வாத்தியமாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. ஒரு பொருளின் தகுதியை அது செய்யும் தொண்டை வைத்தும் மரபு அளந்திருக்கிறது. ஊனுண்ணாமையைக் கடுமையாகக் கடைப்பிடிப்போர் இதில் வேறு முடிவெடுப்பதற்கும் இடமுண்டு.

அழிவு

சுருள் நிலையானதென்று எண்ணுவது தவறு. அசிட்டேட் அடித்தளம் காலப்போக்கில் சிதைந்து காடி நெடி வீசும், சாயங்கள் மங்கும், கடலோர ஈரக்காற்றில் ஜெலட்டின் மீது பூஞ்சை படரும். குளிரான, ஈரமற்ற இடத்தில் வைத்தால் சிதைவைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. நித்தியம் என்னும் சொல்லைத் திருவிடந்தை பெறுவது அழியாத பொருள் ஒன்றை வைத்திருப்பதால் அன்று, நாள்தோறும் செய்வதால்.

எனவே படச்சுருள் சாட்சியின் இடத்தையும் சடங்கின் இடத்தையும் கோர முடியாது. அதற்கு உரியது நினைவின் இடம்: வந்தவர்க்கு நினைவூட்டவும், வராதவர்க்குக் காட்டவும், தேவைப்பட்டால் அவைமுன் சான்றாக வைக்கவும். சடங்கை நிறுத்தாமலும் வரிசையைக் குலைக்காமலும் எடுக்கப்படும்வரை மரபில் அதற்குத் தடையில்லை. சுருள் தீர்ந்த பிறகும், கேமரா இல்லாத மண்டபத்திலும், சடங்கு முழுமையாகவே நடக்கிறது.