இரவல் அறிவு

உதவி செய்வது நன்று என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், எது உதவி என்று ஆராய்வார் மிகச் சிலரே. பசித்தவனுக்குச் சோறிடுவது உதவி; அதில் ஐயமில்லை. அறியாதவனுக்காக அறிந்தவன் ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டுப் போவதும் உதவிதானா? அல்லது அறியாதவனை என்றென்றும் அறியாதவனாகவே வைத்திருக்கும் நயமான வழியா? இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழவில்லை. தெரிந்தவர் ஒருவரின் வீட்டுக் கணினியைப் பழுது பார்க்கப் போன இடத்தில் எழுந்தது.

கணினி சற்றே தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன் படும் பாட்டைப் பட்டவரே அறிவர். கலியாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுமுன், "தம்பி, ஒரு நிமிஷ வேலைதான், நம் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று ஒருவர் பிடித்துக்கொள்வார். அந்த ஒரு நிமிஷம் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விழுங்கிவிடும். போய்ப் பார்த்தால், கணினிக் கிருமிகளைத் தடுக்க வந்த செயலிகள் மூன்று தமக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். பேரன் எங்கிருந்தோ இறக்கிவைத்த விளையாட்டோடு விளம்பரங்களும் கூட்டமாக வந்து குடியேறியிருக்கும். கடவுச்சொல் யாதென்று கேட்டால், வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "நான் ஒன்றுமே செய்யவில்லை, அதுவாகவே இப்படி ஆயிற்று" என்பதே எங்கும் கிடைக்கும் விடை. எல்லாவற்றையும் சீர்ப்படுத்திவிட்டு வந்த மூன்றாம் நாள் தொலைபேசி ஒலிக்கும்: "தம்பி, நீங்கள் வந்து போன பிறகுதான் அச்சுப்பொறி ஓடவில்லை." கடைசியாகத் தொட்டவன் எவனோ, அவனே குற்றவாளி!

குழாய் உடைந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கிறோம். பல் வலித்தால் மருத்துவருக்குக் கட்டணம் செலுத்துகிறோம். கணினிக்கு மட்டும் இந்த இலவசம் ஏன்? கண்ணுக்குத் தெரியும் உழைப்பையே உலகம் உழைப்பென்று ஒப்புகிறது. மரம் சீவினவன் பாட்டை வாளிப் பாலில் அளந்தார்கள். நாற்காலியில் அமர்ந்து விரலால் விசை தட்டுகிறவன் பாட்டை எதில் அளப்பது? அதைக் கற்க அவன் கண்விழித்த இரவுகள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே, அறிவுக்கு விலையில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். இது பெரும் அநீதி என்று நெடுநாள் நான் பொருமியதுண்டு. பொருமியதில் நியாயமும் உண்டு. ஆனால், அந்த நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டே நான் ஒரு தவறு செய்தேன்.

பேராக்கில் ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் மனைவியார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அம்மையாரின் படங்களும், பேத்திக்கு அவர் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவும் அவர் வீட்டுக் கணினியில் மட்டுமே இருந்தன. ஒருநாள் அவர் அழைத்து, பெட்டிக்குள் 'டக், டக்' என்று சத்தம் கேட்கிறது என்றார். அச்சுப்பொறிக்காக என்மீது பழி போட்டவர் அவர்தாம். அந்த மனக்கசப்பில், "அடுத்த வாரம் பார்க்கலாம், ஐயா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கணினியின் வன்தட்டு என்பது நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் தகடு. அதனை வாசிக்கும் முனை, தகட்டைத் தொடாமல், மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் மிதந்து செல்கிறது. அம்முனை தன் இடத்தைக் காணாமல் திரும்பத் திரும்பத் தடுமாறும்போது அத்தகைய சத்தம் எழும். அதைக் கேட்டவுடன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஓட ஓட அழிவு மிகும். இது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "உடனே அணைத்துவிடுங்கள்" என்னும் இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபம் வாயை அடைத்துவிட்டது. அவர் ஒரு வாரம் அதனை ஓட்டிக்கொண்டே இருந்தார். நான் போனபோது தட்டு மாண்டிருந்தது. உறவினர் கைப்பேசிகளிலிருந்து சில படங்கள் திரும்பக் கிடைத்தன. தாலாட்டு கிடைக்கவில்லை.

தாமதித்தது என் சிறிய குற்றம். பெரிய குற்றம் அதற்கு முந்தியது. மூன்று வருஷங்களாக அவ்வீட்டுக்குப் போய்வந்த நான், ஒவ்வொரு முறையும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்து எழுந்தேன். படங்களை வேறொரு தட்டில் நகலெடுத்து வைப்பது எப்படி என்று ஒருமுறையேனும் சொல்லிக் கொடுத்தேனில்லை. நேரமில்லை என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மை வேறு. அவ்வீட்டில் எனக்கு 'டாக்டர்' என்று பெயர். நான் போனால் பலகாரம் வரும். பிள்ளைகள் சுற்றி நின்று வியப்பார்கள். அப்பெயர் எனக்கு இனித்தது. சொல்லிக் கொடுத்தால் வியப்பு குறைந்துவிடுமன்றோ!

பெரியார் ஈ.வெ.ரா. 1929ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தார். அக்காலந்தொட்டு, மனிதனுக்கு எதற்கடா இடையில் ஒரு தரகன் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். பொருள் விளங்காத மந்திரத்தைச் சொல்லித் தட்சிணை வாங்குகிறவனைக் கடிந்தோம். ஆனால், பொருள் விளங்காத விசைகளைத் தட்டிப் பலகாரம் தின்ற நான் வேறு என்ன செய்தேன்? தட்சிணைதான் மாறிற்று, தரகு மாறவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனபோது அம்முதியவர் என்னைக் கடியவில்லை. சிறிது நேரம் மௌனமாயிருந்து பிறகு சொன்னார்: "தம்பி, தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு அடையாளக் கார்டு மனுவும் சேமநிதிப் படிவமும் நான்தான் எழுதினேன். கையெழுத்து வேண்டிய இடத்தில் கட்டைவிரலைப் பிடித்து அமுக்கினேன். கிராணி ஐயா என்று கும்பிட்டார்கள். ஒருவருக்கும் எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை. கும்பிடு போய்விடுமோ என்று நினைத்தேன் போலும்."

அன்று முதல் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நான் போனால் நாற்காலி அவருக்கு. என் கைகள் கட்டியே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பாடம். அவர் தம் பழைய கணக்கர் வழக்கப்படி ஒவ்வொரு படியையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். முக்கியமானவற்றை மூன்று பிரதியாக வைக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே முதற்பாடம். இப்போது ஒரு பிரதி மகள் வீட்டில் இருக்கிறது. பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, பொறுமை போகிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஆனால், அச்சுப்பொறிக்காக வரும் அழைப்பு நின்றுவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதையன்று. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பழங்கணினி வைத்திருப்போர் பலர் யாரை நம்புவது என்று திகைக்கின்றனர். இத்திகைப்பை எதிர்பார்த்தே, "உங்கள் கணினியில் கோளாறு, நாங்கள் திருத்தித் தருகிறோம்" என்று தொலைபேசியில் பேசி, திரையைத் தம் வசப்படுத்தி, வங்கிப் பணத்தைச் சுருட்டும் கூட்டமும் இருக்கிறது. இரவல் அறிவில் வாழப் பழகியவன் எந்தக் குரலையும் நம்புவான். நல்லவனுக்குக் கதவு திறந்து பழகிய கை திருடனுக்கும் திறக்கும்.

உதவி கேட்போரே! பிறர் காலம் உங்கள் சொத்தன்று என்பதை உணருங்கள். நடந்ததை ஒளிக்காமல் கூறுங்கள். அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உதவி செய்வோரே! கோபம் வந்தால் வரமாட்டேன் என்று நேரே சொல்லுங்கள். ஆனால், தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் மறைக்காதீர்கள். போகும்போது, மறுமுறை நீங்கள் தேவைப்படாதபடி செய்துவிட்டுப் போங்கள்.

நம்மை வேண்டாதவனாக்கும் உதவியே உதவி. மற்றதெல்லாம் இரவல், இரவலை என்றாவது ஒருநாள் திருப்பித் தர நேரும். அந்தத் தாலாட்டு எனக்குக் கற்பித்தது இவ்வளவே.