சுவர்க்கத்திற்காக ஒரு கொலை

மறுமைப் பயன் கருதி ஓருயிரைக் கொல்வது அறமாகுமா? குருவின் ஆணைப்படி செய்தேன் என்று கூறினால் வினை விட்டு நீங்குமா? உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் (1860-1926) 1899இல் எழுதிய 'ஃபிர்தௌஸே பரீன்' என்னும் வரலாற்றுப் புதினம் இவ்வினாக்களை நம்முன் வைக்கிறது.

பாரசீக மலைகளிடையே அலமூத் கோட்டையில் தலைமை கொண்டிருந்த நிஸாரி இஸ்மாயிலியரைப் பற்றிய கதை இது. காதலி ஸமுர்ருத் இறந்தாள் என நம்பிக் கல்லறையருகே கலங்கியிருக்கிறான் ஹுசைன். அவள் சுவர்க்கத்தில் இருப்பதாக அறிந்ததும், அங்குச் செல்லும் வேட்கையால் ஷேக் அலி வுஜூதி என்பவரைக் குருவாக ஏற்கிறான். அவர் ஆணைப்படி, உறவினரும் ஆசானுமாகிய பெரியவரையே கொல்கிறான். பின்னர் அவன் கண்ட சுவர்க்கமோ, மனிதர் அமைத்த சோலை! ஸமுர்ருத் அங்கே உயிருடன் சிறைப்பட்டிருந்தாள்.

சோலை பொய்யாதலால்தான் ஹுசைன் கெட்டான் என்று நாம் கருதலாகாது. சுவர்க்கம் மெய்யாகவே கிட்டியிருப்பினும் கொலை கொலையே. தேவகதியும் பிறவிச் சுழலுள் அடங்கியதே. அதனை விரும்பி அறம் செய்வதையே நிதானம் என்று விலக்கும் நம் ஆகமம், அதற்காக மறம் செய்வதை எங்ஙனம் ஒப்பும்? செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினையை ஈட்டுவன. ஆகவே ஏவிய குருவின் பாவம், செய்த சீடனின் பாவத்தைக் குறைப்பதில்லை. ஆராயாது குருவைப் பற்றுவதைப் பாசண்டி மூடம் என அருங்கலச்செப்பு விலக்குவதும் இதனாலேயே.

எனினும், ஆராயும் கடமை படிப்போர்க்கும் உண்டு. நிஸாரிகள் அரசியல் கொலைகள் செய்தது வரலாறு. 1256இல் மங்கோலியரிடம் அலமூத் வீழ்ந்ததும் வரலாறு. ஆனால் மார்க்கோ போலோ முதலியோர் கூறிய சுவர்க்கச் சோலை, பகைவரும் பயணிகளும் வளர்த்த கட்டுக்கதை என்று ஆய்வாளர் ஃபர்ஹாத் தஃப்தரி 1994இல் விளக்கியுள்ளார். சமணர் மடத்திற்குத் தீயிட்டனர் என்று பெரியபுராணம் கூறக் கேட்டு வருந்தும் நாம், பிறர் சமயத்தைப் பற்றி அயலார் சொன்னதை மட்டும் எளிதில் நம்பலாமா? அநேகாந்தம் நமக்கு மட்டும் உரிய கேடயமன்று. பிறர்க்கும் நாம் வழங்க வேண்டிய நீதியாகும்.

குருவின் சொல்லாயினும், ஏட்டின் சொல்லாயினும், உயிர்க்கு ஊறு விளைப்பதாயின் நின்று ஆராய்வோமாக. நற்காட்சியின் தொடக்கம் அதுவே.