மலையின் கதை யாருடையது?

அழகிய இடங்களைக் கண்டு களிப்பது மனித இயல்பு. அவ்விடங்களோடு பிணைந்த கதைகளைக் கேட்டு வியப்பதும் அவ்வாறே. இவற்றைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. ஆயினும், ஓரிடத்தைக் காணச் செல்கின்றவர் அங்கு வாழ்வோர்க்கு ஏதேனும் கடன்பட்டவரா என்னும் வினா ஒன்று உண்டு. அதனை நாம் நன்கறிந்த கேமரன் மலையை வைத்தே ஆராய்வோம்.

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இம்மலை, 1885ஆம் ஆண்டில் இப்பக்கம் வந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகட்கு முன்னரே செமாய் மக்கள் இக்காடுகளில் வாழ்ந்து வந்தனர். எனினும் உல்லாசப் பயணிகள் ஆவலோடு கேட்பது ஜிம் தாம்சன் கதையையே. பாங்காக் நகரில் பட்டு வாணிகத்தால் புகழடைந்த அந்த அமெரிக்கர், 1967ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், தானா ராத்தாவிலுள்ள 'மூன்லைட்' மாளிகையினின்று வெளியே சென்றார், திரும்பவில்லை. போலீசாரும் படைவீரரும் பழங்குடி மக்களும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினர். போமோக்களும் குறி பார்த்தனர். பயன் இல்லை. புலி கொன்றதென்பர் சிலர். பகைவர் கடத்தினரென்பர் சிலர். முடிவு காணாத கதையாதலின் அது வளர்ந்துகொண்டே போகிறது.

காணாமற் போன ஒருவரை உலகம் ஐம்பது ஆண்டிற்கு மேலாக நினைத்திருப்பது இரக்கத்தினால் எனின் நன்றே. ஆனால் அதே மலைச்சரிவில், பெயர் எங்கும் பொறிக்கப்படாமல் உழைத்து மறைந்தோர் எத்தனை பேர்! அவர்தம் கதையைக் கேட்பார் யார்?

பயணிகள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் அப்பசுமை இயற்கை மட்டும் தந்ததன்று. போ தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929இல் தொடங்கினார். காட்டை வெட்டித் திருத்தியதும், சரிவில் நிரை பிடித்துக் கன்று நட்டதும் தொழிலாளர் கைகளே; அவற்றுள் தமிழர் கைகள் பல. தேயிலை, விட்டுவிட்டால் மரமாக வளர்வது. இடையறாது கொழுந்து எடுத்தும், சில ஆண்டுகட்கு ஒருமுறை கவ்வாத்து செய்தும் வருவதனாலேதான் அது இடுப்பளவில் மட்டமாக நிற்கிறது. தொழிலாளர் சில ஆண்டுகள் கைகட்டி நிற்பின் அவ்வழகு புதராகிவிடும். இன்று அங்கு உழைப்போருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் உளர். கைகள் மாறினும் உண்மை மாறவில்லை: அங்கே காட்சியென்பது உழைப்பே.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். குறிஞ்சி நிலத்தைக் காதலுக்கு உரியதாக வகுத்த அவர்கள், அந்நிலத்துத் தொழிலை மறைத்தாரில்லை. வள்ளி கதையை எண்ணுக. அதனை மெய்யென்போரும் கற்பனையென்போரும் ஒன்றை ஒப்புவர்: அதன் தலைவி மாளிகையில் வாழ்ந்தவள் அல்லள், தினைப்புனத்தில் பரண்மீது நின்று கிளி ஓட்டியவள். காதலன் அவளைத் தேடி வந்தது அவள் வேலை செய்த இடத்திற்கே.

"களைப்பாற வந்தவனிடம் இந்தப் பாரத்தைச் சுமத்தலாமா?" எனச் சிலர் கேட்பர். விருந்துண்பவன் சமைத்தவரை எண்ணுவதால் உணவின் சுவை குறைவதுண்டோ? மறந்தவனோ கொழுந்து எடுப்பவளைக் கேளாமலே படம் பிடிக்கிறான். ஓடையில் குப்பை எறிகிறான். செமாய் மக்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கிறான். மறதியே அவமதிப்பாக முடிகிறது.

ஆதலின், பட்டணத்து அன்பர்கள் மலையேறும்போது தாம்சன் கதையைக் கேட்கட்டும். அம்மலையில் வாழ்நாளெல்லாம் கொழுந்து எடுத்த ஒரு மூதாட்டி சொல்வதையும் இருந்து கேட்கட்டும். தோட்டத்து அன்பர்களோ, தம் பாட்டனார் எவ்வூரினின்று வந்தார், எந்தச் சரிவைத் திருத்தினார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவதோடு, எழுதியும் வைத்தல் வேண்டும். நாமே சொல்லாத நம் கதையைப் பிறர் வந்து சொல்லுவார் என எதிர்பார்ப்பது வீண்.