இல்லத்துச் சுவரும் இறைமொழியும்

வீடு கட்டி முடித்து, வண்ணம் பூசி, கதவு சன்னல்களுக்குத் திரையும் இட்ட பிறகு எஞ்சி நிற்பது வெறுஞ்சுவர். அதைக் கண்டதும் மனிதனுக்கு ஏனோ ஒரு பதைப்பு உண்டாகிறது. எதையேனும் அதில் மாட்டிவிடக் கை பரபரக்கிறது. உறவினர் ஒருவர் சட்டமிட்ட ஆயத்துல் குர்ஸியை அன்பளிப்பாகக் கொண்டு வருகிறார். இன்னொருவர் கஅபாவின் படத்தைக் கொண்டு வருகிறார். மீதி இடத்தை நிரப்ப வீட்டுக்காரரே கடைக்குப் போகிறார். அல்லது இக்கால வழக்கப்படி கைப்பேசியிலேயே பார்த்து வரவழைத்து விடுகிறார். நாற்காலி மெத்தையின் நிறத்துக்குப் பொருந்துமா, அகலம் போதுமா, விலை என்ன என்ற மூன்று கேள்விகளோடு காரியம் முடிந்துவிடுகிறது.

கேட்கப்படாத நான்காவது கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சுவர் யாரிடம் பேசப் போகிறது? வீட்டில் வாழ்பவரிடமா, வீட்டுக்கு வருபவரிடமா? சுவரில் மாட்டுவது சிறு விஷயம் என்று எண்ணுவோர், இந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

உயிருள்ளவற்றின் உருவங்களை மாட்டலாமா என்ற விவாதம் நம்மிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. நிழல் விழும் உருவம், நிழல் விழாத உருவம், கையால் வரைந்தது, கருவியால் பிடித்தது என மார்க்க அறிஞர்கள் பிரித்துப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. மறைந்த வாப்பாவின் புகைப்படத்தைக் கூடத்தில் மாட்டலாமா, பெட்டியில் வைக்கலாமா என்று கேட்பவர் தம் ஊர் ஆலிமிடம் போய்க் கேட்டுக் கொள்ளட்டும். என் கவலை வேறு. அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், கண்ணும் மூக்கும் இல்லாத எதையும் எவ்வளவு வேண்டுமானாலும் மாட்டலாம் என்று நாம் முடிவு கட்டிக் கொள்கிறோமே, அதுதான்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்புகள் சில இங்கு நினைக்கத் தக்கவை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு படையெடுப்பில் வெளியூர் சென்றிருந்த வேளையில், அன்னையவர்கள் அழகிய விரிப்பொன்றை வாசலில் திரையாகத் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்த அண்ணலாரின் முகம் மாறிற்று. அதனை இழுத்துக் கிழித்துவிட்டார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு இறைவன் நமக்குக் கட்டளையிடவில்லை என்பது அப்போது அவர்கள் கூறியதன் கருத்து. முஸ்லிம் நூலில் உள்ள இந்த அறிவிப்பின் பிற்பகுதியும் கவனிக்கத் தக்கது. அந்தத் துணியையே அன்னையவர்கள் வெட்டி, ஈச்சநார் அடைத்து இரண்டு தலையணைகளாக்கினார்கள். அதற்கு அண்ணலார் மறுப்புச் சொல்லவில்லை. துணி அதேதான். சுவரும் வாசலும் உடுத்தியபோது ஆகாதது, மனிதன் சாய்ந்து இளைப்பாறப் பயன்பட்டபோது ஆகிவிட்டது.

மற்றொரு முறை, பறவை உருவம் கொண்ட திரையொன்றைத் தம் கண்ணில் படாதவாறு மாற்றச் சொன்னார்கள். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அதைக் கண்டு உலக நினைவு வருகிறது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். மூன்றாவதாக ஒன்று. வேலைப்பாடுள்ள போர்வையொன்றை அணிந்து தொழுத அண்ணலார், அதன் கோலங்கள் தொழுகையில் தம் கவனத்தைக் கவர்ந்தன என்று கூறி, அதனை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் அனுப்பிவிட்டு, அவரிடமிருந்த கோலமற்ற முரட்டுப் போர்வையைக் கேட்டு வாங்கிக் கொண்டார்கள். அங்கே குறையாகச் சொல்லப்பட்டது எந்த உயிரின் உருவமும் அன்று, வெறும் கோலந்தான். செல்வத்தைக் கல்லுக்கு உடுத்துதல், மனத்தை உலகின்பால் இழுத்தல், இறைவன்முன் நிற்பவனின் கவனத்தைச் சிதறடித்தல் ஆகிய இம்மூன்று கவலைகளும் உருவம் இல்லாத படத்துக்கும் பொருந்தும். பொன்முலாம் பூசிய அரபு எழுத்துக்கும் பொருந்தும்.

இதனால் நான் வெறுஞ்சுவரே மேல் என்று வாதிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். எழுத்தை அழகுபடுத்துவதில் இஸ்லாமிய உலகம் செலவிட்ட உழைப்பு வேறெந்தக் கலைக்கும் குறைந்ததன்று. பக்தாதில் மூன்று கலீபாக்களிடம் அமைச்சராக இருந்து, பின்னர் கை துண்டிக்கப்பட்டுச் சிறையில் மாண்ட இப்னு முக்லா (மறைவு 940) எழுத்துக்கு அளவு வகுத்தவர். நாணற் பேனாவின் முனையை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருடைய அளவுகோல். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, அதனை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளின் வளைவு என்று கணக்கு நடக்கிறது. கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று நாம் சொல்லும் நல்ல எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு கட்டுப்பாடு உண்டு. துருக்கியில் ஹாஃபிழ் உஸ்மான் (மறைவு 1698) என்னும் எழுத்துக் கலைஞர், அண்ணலாரின் தோற்றத்தையும் குணத்தையும் அலீ (ரலி) அவர்கள் வருணித்த வாசகத்தை, நடுவே ஒரு வட்டமும் நாற்புறமும் கலீபாக்கள் நால்வரின் பெயர்களுமாக ஒரே பலகையில் அமைத்தார். ‘ஹில்யா’ எனப்படும் அப்பலகை துருக்கிய இல்லங்களில் இடம்பெற்றது. உருவப்படம் தொங்க வேண்டிய இடத்தில் அங்கே சொல் தொங்கிற்று. வீட்டார் அதை நின்று படிக்க முடிந்தது என்பதுதான் அதன் உயிர்.

நம் பக்கத்துக்கு வருவோம். மக்கா, மதீனாவின் படங்கள் சுவரேறுவதற்கு முன்னர் ஏட்டுக்குள் இருந்தன. இமாம் ஜஸூலியின் ‘தலாயிலுல் கைராத்’ என்னும் ஸலவாத்துத் தொகுப்பின் கையெழுத்துப் படிகளில் இரு திருத்தலங்களின் சித்திரம் இருப்பது வழக்கம். நூலைத் திறந்து ஓதுபவர் கண்ணில் மட்டும் அது படும். ஓதி முடித்தால் மூடிக்கொள்ளும். பின்னர் புகைப்படம் வந்தது. எகிப்தியப் படை அதிகாரி முஹம்மது சாதிக் பே 1861இல் மதீனாவைப் படம் பிடித்தார். அச்சுக்கூடங்கள் பெருகின. பினாங்கிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் திரும்பிய சபுராளிகளின் பெட்டிகளில் கடிகாரத்தோடும் நிலைக்கண்ணாடியோடும் படங்களும் இறங்கின. சிவகாசி நாட்காட்டிகள் அவற்றை ஏழை வீட்டுக்கும் கொண்டு சேர்த்தன. அதற்காக அந்த அச்சகங்களை நான் வாழ்த்துகிறேன். ஹஜ்ஜுக்குப் போக வழியில்லாத மூதாட்டி நாட்காட்டித் தாளிலிருந்து வெட்டி ஒட்டிய கஅபாவின் படத்துக்கு, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பலகை ஈடாகாது. அவர் அதைப் பார்த்து அழுதார். நாம் நம்முடையதைத் தூசி தட்டுகிறோம்.

இன்றைய கடைவீதியில் நிலை என்ன? எஃகுத் தகட்டில் லேசரால் வெட்டிய ஆயத்துகள், அக்ரிலிக் பலகைகள், பின்னால் விளக்கெரியும் எழுத்துகள் என்று வகைவகையாகக் கிடைக்கின்றன. வாங்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அரபு எழுத்து, சொல்லின் முதலில் ஒரு வடிவமும் நடுவில் ஒரு வடிவமும் கடைசியில் ஒரு வடிவமுமாக இணைந்து வருவது. வலமிருந்து இடமாகச் செல்வது. அரபு தெரியாதவர் அதற்கு ஏற்பாடில்லாத கணினியில் ஏற்றினால், எழுத்துகள் தனித்தனியே உடைந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சட்டம் மட்டும் பளபளக்கும். தகட்டில் வெட்டும்போது இன்னொரு சிக்கல். எழுத்தோடு ஒட்டாத புள்ளி தகட்டில் நிற்காது. தனியே ஒட்ட வேண்டும், அல்லது இழுத்து இணைக்க வேண்டும். அதில் ஒரு புள்ளி இடம் மாறினால் போதும். ‘ரஹ்மத்’ என்பதன் முதலெழுத்துக்கு மேல் ஒரு புள்ளி ஏறினால் அது ‘ஸஹ்மத்’ ஆகிவிடும். அருள் போய் நெரிசல் வந்து உட்காரும். ஆகவே பணத்தை எடுக்குமுன், ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டி எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. மக்தபில் ஓதும் பத்து வயதுப் பிள்ளையும் ஓரளவுக்குப் பயன்படுவான். அவனால் படிக்க முடியாத அளவுக்குப் பின்னிப் பிணைந்த எழுத்தாயின், அது அந்த வீட்டுக்குத் தேவைதானா என்றும் எண்ணலாம்.

இங்கே ஒரு வியப்பு. அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபுத் தமிழ் என்றொரு மரபையே வளர்த்த சமுதாயம் நம்முடையது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அந்த வடிவில் மார்க்க நூல்கள் எழுதியது, பாமரரும் பெண்களும் பொருள் புரிந்து படிக்கவேண்டும் என்பதற்காகவே. அவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், பொருள் புரியாத வாசகத்தை மாட்டிவிட்டு, அதன் கீழே ஒரு வரி தமிழில் எழுதிவைக்கவும் கூச்சப்படுகிறோம். தமிழ் வந்தால் அலங்காரம் கெடுமாம்!

பொருள் தெரிந்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ‘ஹாதா மின் ஃபழ்லி ரப்பீ’ என்னும் வாசகம் நம் வீடுகளின் முகப்பில் சிமெண்டிலும் பளிங்கிலும் பொறிக்கப்பட்டிருப்பதை ஊருக்கு ஊர் காணலாம். திருமறையின் அந்நம்ல் அத்தியாயத்தில் சுலைமான் நபி (அலை) கூறியது அது. ஸபா நாட்டு அரசியின் அரியணை கண்ணிமைக்கும் நேரத்தில் தம் எதிரே கொண்டுவந்து வைக்கப்பட்டதும், இது என் இறைவனின் கொடை என்ற கருத்தில் அவர் பேசத் தொடங்குகிறார். பேச்சு அத்துடன் முடியவில்லை. தாம் நன்றி செலுத்துகிறோமா, நன்றி கொல்கிறோமா என்று இறைவன் தம்மைச் சோதிப்பதற்காகவே இது வந்தது என்று அதே மூச்சில் தொடர்கிறார். நம் கொத்தனார்களுக்கு முதற்பாதி மட்டுமே தரப்படுகிறது. இடம் போதவில்லை என்று சொல்ல வழியில்லை. அதே முகப்பில் வீட்டுக்காரரின் பெயரும் பட்டமும் கட்டிய ஆண்டும் தாராளமாக இடம் பிடித்திருக்கின்றன. முதற்பாதியைத் தெருவில் போகிறவன் படித்தால், இவருக்கு இறைவன் நிறையக் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்து கொள்வான். பிற்பாதியைப் படிக்க வேண்டியவர் வீட்டுக்குள் இருக்கிறார். அவருக்காக எழுதப்படவில்லை.

சட்டமிட்ட ஆயத்தின் கீழே கைக்கூலி பேசப்படுவதை நாம் அறியாதவர்களா? மாப்பிள்ளை வீட்டார் ஒரு தொகை சொல்கிறார்கள். பெண்ணின் வாப்பா தலை கவிழ்கிறார். மஹர் கொடுக்க வேண்டியவன் வாங்குகிறான். மேலே தங்க எழுத்து ஒளிர்கிறது. இதே கூடத்தில் சகோதரர்கள் கூடி, உடன்பிறந்தாளுக்கு மார்க்கம் வகுத்த பாகத்தை நகையும் சீரும் போட்டதில் கழித்து எழுதிக் கொள்வதும் உண்டு. அந்த நேரத்தில் எவரேனும் நிமிர்ந்து சுவரைப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மாட்டிய முதல் வாரம் கண்ணுக்குத் தெரிகிற பொருள், பிறகு சுவரோடு சுவராகிவிடுகிறது.

ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் குற்றமற்றவன்தான் ஆயத்தை மாட்டலாமோ? நம்மில் எவர் வீட்டில்தான் அது தங்கும்?” என்று மடக்கினார். நியாயமான கேள்வி. கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களில், இறைவனையன்றி வெற்றியாளன் எவனும் இல்லை என்னும் பொருளுடைய வாசகம் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டுள்ளது. அதைப் பொறித்த நஸ்ரீ அரச மரபு 1492இல் நகரைக் கஸ்தீலியரிடம் ஒப்படைத்தது. தோற்றவர்களின் சுவரில் இருந்ததால் அந்த வாசகம் பொய்யாகிவிடவில்லை; வென்றவர்களின் கையில் போன பிறகும் அங்கேயே நிற்கிறது. மாட்டுகிறவன் தகுதியால் சொல்லுக்கு ஏற்றமோ தாழ்வோ இல்லை. ஆகவே தாம் இன்னும் எட்டாததை ஒருவர் தம் சுவரில் எழுதிக் கொள்வதில் தவறில்லை என்றே நான் நண்பரிடம் சொன்னேன். அது தம்மிடம் பேசுவதற்காக இருக்கட்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. கடன் கொடுத்து வாங்கும் வியாபாரி, அளவையில் மோசடி செய்வோரைப் பற்றிய வசனத்தைத் தம் கணக்கு மேசைக்கு எதிரே, வாடிக்கையாளர் கண்ணில் படாத பக்கத்தில் மாட்டிக் கொண்டால் அதற்கு ஒரு பொருள் உண்டு. அதையே வாசலை நோக்கித் திருப்பி மாட்டினால் அது விளம்பரம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது இவ்வகையில் படத்தைத் தேர்ந்தெடுப்பதை விடப் பெரிது. வரவேற்பறைக்கே நாம் எல்லாவற்றையும் வாங்குகிறோம். அடுக்களைச் சுவருக்கும், உம்மா தொழும் அறைக்கும், பிள்ளைகள் படிக்கும் மூலைக்கும் யாரும் ஒன்றும் வாங்குவதில்லை. தொழும் அறையில் கிப்லாப் பக்கச் சுவரை வெறுமையாக விடுவதே முன்சொன்ன போர்வைச் செய்திக்கு ஒத்தது. விலையைப் பற்றியும் ஒரு சொல். நன்றாக எழுதும் ஒருவர் கையால் எழுதித் தந்ததற்கு நூறு கூடக் கொடுப்பது வீண்செலவாகாது. அது ஓர் உழைப்புக்குக் கூலி. அச்சுப் பலகையைப் பெரிது பெரிதாக வாங்கி, பக்கத்து வீட்டுச் சுவரோடு போட்டியிடுவதைத்தான் கல்லுக்கு ஆடை உடுத்துதல் என்று நான் கருதுகிறேன்.

விலை கொடுத்து வாங்காத ஒரு பொருளும் நம் வீடுகளில் தொங்குகிறது. ஏதோ ஒரு துணிக்கடையோ மருந்துக்கடையோ இலவசமாகத் தந்த தொழுகை நேர அட்டவணை அது. ஓரம் சுருண்டிருக்கும், கடைக்காரரின் பெயர் பாதி இடத்தை அடைத்திருக்கும், அழகு என்று சொல்ல ஒன்றும் இராது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கிடக்கும். நோன்பு நாளில் மஃரிபுக்குச் சிறிது நேரம் இருக்கையில் வீட்டார் அனைவரும் அதைத்தான் தேடிப் போகிறார்கள். கண் மங்கிய பாட்டி கேட்கிறார். பேரன் முக்காலியில் ஏறி நின்று, விரலை வைத்து, நேரத்தை உரக்கப் படிக்கிறான். அடுப்பிலிருந்து கஞ்சிப் பானை இறங்குகிறது.