பட்டமும் பணமும்

1921 இல் ஜேர்சி நகரில், அதிபாரப் பிரிவு உலகக் குத்துச்சண்டைச் சம்பியனான ஜக் டெம்ப்சி, தம்மினும் எடை குறைந்த பிரெஞ்சு வீரர் கார்ப்பந்தியேயை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். நுழைவுக் கட்டண வசூல் பத்து இலட்சம் டொலரைக் கடந்த முதற் போட்டி அதுவே. அக்காலத்தில் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதி மிக்கவராகக் கருதப்பட்டவரோ கறுப்பினத்தவரான ஹரி வில்ஸ். 1919 முதல் 1926 வரை டெம்ப்சி பட்டத்தை வைத்திருந்தும் வில்ஸுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

வீரனின் உடல்வலிமை சில ஆண்டுகளே நிலைப்பது. அதற்குள் பொருளீட்ட முனைதல் குற்றமாகாது. ஆயின் பட்டத்தின் பெறுமதி எங்கிருந்து பிறக்கின்றது? தன்னை வெல்லக்கூடியவரையும் எதிர்கொள்பவன் என்று மக்கள் கொண்ட நம்பிக்கையிலிருந்தன்றோ? அந்நம்பிக்கையை விற்றுப் பொருள் பெறுபவன், தகுதியுடையோனுக்குக் கடன்பட்டவனாகின்றான்.

மக்கள் எவரைக் காண விழைகின்றனரோ அவரே தகுதியுடையவர் என்பர் சிலர். மக்களின் விருப்பிலும் நிறபேதம் கலந்திருக்கலாம். 1915 இல் ஜக் ஜோன்சன் தோற்றபின், 1937 இல் ஜோ லூயிஸ் வரும்வரை, வேறெந்தக் கறுப்பின வீரருக்கும் அப்பட்டத்துக்குப் போட்டியிட இடமளிக்கப்படவில்லை. சந்தையின் தீர்ப்பை நீதியெனக் கொள்வதற்கில்லை.

ஊதியம் வீரனின் உடைமை. பட்டமோ அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. கடன் தீர்த்தபின் வருவாய் தேடுவதே அறமாகும்.